நீல் யங்கின் ஆல்பங்களும் ரசிகர்களின் தீராத வழக்கும்

1960களிலும் 1970களிலும் பெயர் பெற்ற ராக் இசைக்கலைஞர்களைப் பற்றி ரசிகர்கள் வாதிடும்போது, அந்த வாதம் பெரும்பாலும் ஒரு காலக்கோட்டைச் சுற்றியே நடக்கும். ஆரம்பத்தில் வந்த நான்கைந்து ஆல்பங்கள் அருமை, அதன்பிறகு சரக்கு தீர்ந்துவிட்டது என்பதில் எல்லோரும் ஏறக்குறைய ஒத்துப்போவார்கள். கோட்டை எந்த ஆண்டில் போடுவது என்பதில்தான் சண்டை. பாடகரும் கிட்டார் கலைஞருமான நீல் யங்கின் விஷயத்தில் அப்படியொரு கோட்டைப் போடவே முடிவதில்லை. 1972இல் வந்த ஆல்பத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடும் ஒருவர் 1973இல் வந்ததை ஒருமுறைகூட முழுதாகக் கேட்டிருக்க மாட்டார். 1991இன் இரைச்சலுக்கு அஞ்சி விலகியவர் 1992இல் திரும்பி வந்திருப்பார். இவர் ஒதுக்கித் தள்ளிய ஆல்பங்களையே இன்னொருவர் யங்கின் உச்சம் என்று அடித்துச் சொல்வார். இதை வெறும் ரசனை வேறுபாடு என்று கடந்துவிடலாம். ஆனால் நாற்பதுக்கும் மேற்பட்ட ஸ்டுடியோ ஆல்பங்களை வெளியிட்ட ஒருவரைப் பற்றி அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓயாமல் நடக்கும் இந்தச் சர்ச்சையின் அடியில் வேறொரு கேள்வி இருக்கிறது: ஓர் இசைக்கலைஞரின் பெயரை நம்பிக் காசு கொடுத்து ஒரு ஆல்பத்தை வாங்கும்போது, அவர் நமக்கு எதைத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்? யங்கைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி ஒருமுறை நீதிமன்றம் வரைக்குமே போனது.

பிளவின் விதை அவருடைய தொடக்க ஆண்டுகளிலேயே விழுந்துவிட்டது. 1945இல் டொரான்டோவில் பிறந்த யங், ஐந்து வயதில் போலியோவால் தாக்கப்பட்டுப் பிழைத்தவர். வினிபெக் நகரில் பள்ளிப் பருவத்திலேயே இசைக்குழு நடத்தியவர், 1966இல் ஒரு பழைய சவ ஊர்தியை ஓட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்தார். ஸ்டீஃபன் ஸ்டில்ஸுடன் சேர்ந்து அங்கே உருவாக்கிய பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற குழு இரண்டே ஆண்டுகளில் கலைந்தது. அதற்குப் பின் 1969இல் அவர் ஒரே நேரத்தில் இரண்டு வேறு திசைகளில் நடக்கத் தொடங்கினார். ஒருபுறம் டேனி விட்டன், பில்லி டால்பட், ரால்ஃப் மொலினா ஆகிய மூவரைக் கொண்ட கிரேஸி ஹார்ஸ் குழு. மூன்று நான்கு கார்டுகளை (ஸ்வரக் கூட்டுகளை) மட்டும் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் வரை நீளும் முரட்டுப் பாடல்களை அது வாசித்தது. மறுபுறம் கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் ஆகியோருடனான கூட்டணி. பல குரல்கள் ஒன்றோடொன்று இழையும் ஹார்மனியே அதன் அடையாளம், அதற்காக அவர்கள் ஸ்டுடியோவில் செலவிட்ட மணிநேரங்களும் பேர்பெற்றவை. 1970இல் அந்த நால்வரும் வெளியிட்ட 'டேஜா வூ' மூலம் யங்கை அறிந்தவர்களும், அதற்கு முந்தைய ஆண்டு கிரேஸி ஹார்ஸுடன் வெளிவந்த ஆல்பத்தின் மூலம் அறிந்தவர்களும் ஒரே மனிதரைத்தான் கேட்டார்கள் என்றாலும், அவரிடம் எதிர்பார்க்கக் கற்றுக்கொண்டது ஒன்றல்ல. எந்த வாசல் வழியாக உள்ளே வந்தோமோ அதுதான் வீடு என்று நினைப்பது கேட்பவர்களின் இயல்பு.

அவருடைய குரலும் வாசிப்பும் இந்தப் பிரிவை இன்னும் ஆழமாக்கின. யங்கின் குரல் உயரமானது, மெலிந்தது, நடுங்குவது. பயிற்சி பெற்ற பாடகரின் உறுதி அதில் இல்லை. பிடிக்காதவர்கள் முதல் வரியிலேயே அதைச் சிணுங்கல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள், பிடித்தவர்களோ அந்த நடுக்கத்தைத்தான் உண்மையின் அடையாளமாகக் கொள்கிறார்கள். கிட்டார் வாசிப்பிலும் இதே கதைதான். 'சினமன் கேர்ள்' பாடலில் அவர் வாசிக்கும் தனி ஆவர்த்தனம், ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தை மீண்டும் மீண்டும் மீட்டுவதுதான். ராக் கிட்டாரில் வேகமும் நுணுக்கமும் வீரமாகப் போற்றப்பட்ட காலத்தில் இப்படி வாசித்ததைத் திறமைக் குறைவு என்று சொன்னவர்கள் உண்டு. மேலும் அவர் பாடல்களைப் பெரும்பாலும் முதல் சில முயற்சிகளிலேயே பதிவு செய்து, பிசிறுகளைத் திருத்தாமல் வெளியிட விரும்புபவர். உடைந்த குரலை ஆல்பத்தில் அப்படியே விடுவது அலட்சியமா, நேர்மையா என்ற கேள்விக்குக் கேட்பவர் தரும் பதிலிலிருந்தே, யங்கின் எந்த ஆல்பங்கள் அவருக்குப் பிடிக்கும் என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

1972 பிப்ரவரியில் வெளிவந்த 'ஹார்வெஸ்ட்' இந்த வழக்கின் மைய ஆவணம். அந்த ஆண்டு அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற ஆல்பம் அதுதான். அதில் இடம்பெற்ற 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. அமெரிக்கக் கிராமிய (கன்ட்ரி) இசைப் பாடகர் ஜானி கேஷின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக 1971 தொடக்கத்தில் நாஷ்வில் சென்றிருந்த யங், அதே நிகழ்ச்சிக்கு வந்திருந்த பாடகர்கள் லிண்டா ரான்ஸ்டாட்டையும் ஜேம்ஸ் டெய்லரையும் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் பின்குரல் பாடவைத்தார். தயாரிப்பாளர் எலியட் மேசர் திரட்டிக்கொடுத்த வாத்தியக்காரர்களில் ஒருவரான பென் கீத்தின் பெடல் ஸ்டீல் கிட்டார், அந்த ஆல்பத்துக்குக் கிராமிய இசையின் மென்மையைத் தந்தது. அப்போது யங்கின் முதுகெலும்பு கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தது. எடை மிகுந்த மின்கிட்டாரை நெடுநேரம் தோளில் மாட்டிக்கொண்டு நிற்க முடியாமல், உட்கார்ந்தபடி, மின்னிணைப்பு இல்லாத அக்கூஸ்டிக் கிட்டார் வாசித்தார். அறுவைச் சிகிச்சையும் அதே 1971இல்தான் நடந்தது. லட்சக்கணக்கானோர் 'உண்மையான நீல் யங்' என்று மனத்தில் பதித்துக்கொண்ட ஒலியில், கலைத் தெரிவோடு ஒரு முதுகுவலிக்கும் பங்கு உண்டு என்பதை அந்த ஆல்பத்தை வாங்கியவர்களில் எத்தனை பேர் அறிந்திருக்க முடியும்?

வெளிவந்த நேரத்தில் எல்லோருமே அதை வரவேற்றுவிடவில்லை. 'ரோலிங் ஸ்டோன்' இதழின் மதிப்புரை, யங் தன் முந்தைய ஆல்பத்தின் மெட்டுகளையே மறுபடி போட்டிருக்கிறார் என்று குறை சொன்னது. பிற்காலத்தில் அதே இதழ் எக்காலத்துக்கும் சிறந்த 500 ஆல்பங்கள் என்று தயாரித்த பட்டியலில் 'ஹார்வெஸ்டை'ச் சேர்த்துக்கொண்டது. பாப் டிலன், அரிசோனாவின் ஃபீனிக்ஸில் தங்கியிருந்த அந்நாட்களில் வானொலியில் 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' ஒலிக்கும்போதெல்லாம் தனக்கு எரிச்சல் வந்ததாகவும், தன்னைப் போலவே ஒலிக்கிறதென்றால் அது தானாகவே இருந்திருக்கலாமே என்று தோன்றியதாகவும் 1985இல் ஒரு பேட்டியில் சொன்னார். (யங்கின் மேல் டிலனுக்கு இருந்த மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) தீவிர ரசிகர்கள் என்று தங்களைக் கருதிக்கொள்பவர்களிடம் இன்றும் 'ஹார்வெஸ்ட்' பற்றி ஓர் இளக்காரம் உண்டு. அது நியாயமற்றது என்பதே என் கருத்து. லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவின் கனத்த இசையோடு பதிவான இரண்டு பாடல்களும், பண்ணைக் களஞ்சியத்தில் பதிவான முரட்டு மின்கிட்டார் பாடல்களும் அதே இசைத்தட்டில்தான் இருக்கின்றன. ஹெராயினுக்கு அடிமையான நண்பர்களைப் பற்றி, கலிபோர்னியப் பல்கலைக்கழக அரங்கொன்றில் ஒற்றைக் கிட்டாருடன் பாடிய பாடலும் அதில்தான் இருக்கிறது. பின்னால் வரப்போகும் இருட்டு அங்கேயே தொடங்கிவிட்டது. வானொலி ஒலிபரப்பிய இரண்டு பாடல்களை வைத்து முழு ஆல்பத்தையும் மென்மையானது என்று முடிவுகட்டுவதில், அதைக் கொண்டாடியவர்களும் இகழ்ந்தவர்களும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்.

ஹெராயினைப் பற்றிய அந்தப் பாடலின் பின்னால் இருந்தவர்களில் முதன்மையானவர் கிரேஸி ஹார்ஸின் டேனி விட்டன். 1972 இலையுதிர் காலத்தில் அடுத்த சுற்றுப்பயணத்துக்கான ஒத்திகைக்கு யங் அவரை அழைத்தார். விட்டனால் பாடல்களைப் பின்தொடரக்கூட முடியவில்லை. கையில் கொஞ்சம் பணமும் விமானச் சீட்டும் கொடுத்து அவர் லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். நவம்பர் 18 அன்று, அனுப்பப்பட்ட அதே இரவில், விட்டன் இறந்துபோனார். அந்தக் குற்றவுணர்ச்சியோடு யங் 1973 ஜனவரியில் தொடங்கிய பயணம், மூன்று மாதங்களில் அறுபதுக்கும் மேற்பட்ட நகர அரங்குகளைத் தொட்டது. சீட்டு வாங்கியவர்கள் 'ஹார்வெஸ்ட்' கேட்க வந்திருந்தார்கள். தொடக்கத்தில் சில பழைய பாடல்களைத் தந்த யங், பின்னர் மின்கிட்டாரை எடுத்து, யாரும் அதுவரை கேட்டிராத புதுப் பாடல்களைத் தொண்டை கட்டிய குரலில் கத்திப் பாடினார். அந்த மேடைப் பதிவுகளிலிருந்து தொகுத்து அதே ஆண்டு வெளியிட்டதுதான் 'டைம் ஃபேட்ஸ் அவே'. முந்தைய ஆண்டின் மிகப் பெரிய வெற்றிக்குப் பின் வந்த அதில், அந்த வெற்றியின் பாடல் ஒன்றுகூட இல்லை.

யங் பிற்பாடு இதை விளக்கியிருக்கிறார். 1977இல் வெளிவந்த 'டெகேட்' தொகுப்புக்குத் தன் கைப்பட எழுதிய குறிப்பில், 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' தன்னை நடுச்சாலையில் கொண்டுபோய் நிறுத்தியதாகவும், அங்கே போவது சலித்துவிட்டதால் சாலையோரப் பள்ளத்துக்கு வண்டியைத் திருப்பியதாகவும், பயணம் கரடுமுரடானாலும் அங்கே சுவாரசியமான மனிதர்களைச் சந்தித்ததாகவும் அவர் எழுதினார். 'டைம் ஃபேட்ஸ் அவே', 1974இன் 'ஆன் த பீச்', 1975இன் 'டுநைட்ஸ் த நைட்' ஆகிய மூன்றையும் ரசிகர்கள் பள்ளத்து ஆல்பங்கள் என்று சேர்த்துக் குறிப்பிடுவது இந்தக் குறிப்பை வைத்துத்தான். ஒரு கலைஞர் தன் சறுக்கலுக்குத் தானே இவ்வளவு அழகாகப் பெயர் சூட்டிவிட்டால், அதைச் சறுக்கல் என்று சொல்லும் வாய்ப்பு விமர்சகர்களுக்கு இல்லாமல் போய்விடுகிறது. அந்த மூன்று ஆல்பங்களின் தரத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவற்றின் புகழில் கணிசமான பங்கு இந்த நான்கு வரிக் குறிப்புக்கு உரியது.

இன்னொரு பங்கு, அவை கிடைத்த விதத்துக்கும் கிடைக்காமல் போன விதத்துக்கும் உரியது. 'டுநைட்ஸ் த நைட்' உண்மையில் 'ஆன் த பீச்'சுக்கு முன்னால், 1973 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில், லாஸ் ஏஞ்சல்ஸில் வாத்தியக் கருவிகளை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தின் ஒத்திகைக் கூடத்தில் பதிவானது. விட்டனை அடுத்து, குழுவின் மேடைப் பணியாளராக இருந்த புரூஸ் பெர்ரியும் போதைப்பொருளால் இறந்திருந்தார். இருவருக்கும் நீத்தார் சடங்கு நடத்துவதைப் போல, நள்ளிரவுக்குப் பின், குடித்த நிலையில், இசைக்குழு ஒரே அறையில் வாசித்துப் பதிவு செய்த ஆல்பம் அது. இசைத்தட்டு நிறுவனத்துக்கு அது உவப்பாக இல்லாததால் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அலமாரியில் கிடந்தது. இதற்கிடையில் யங் அந்த வெளிவராத பாடல்களை எடுத்துக்கொண்டு 1973 இறுதியில் பிரிட்டனுக்குச் சென்றார். மேடையில் ஒரு பனைமரத்தை நட்டு, மயாமி கடற்கரைக்கு வரவேற்கிறேன் என்று சொல்லி, நிகழ்ச்சியைப் பெரும்பாலும் அந்தப் பாடல்களாலேயே நிரப்பினார். தெரிந்த பாட்டு கேட்டுத் துடித்த கூட்டத்திடம், இப்போது நீங்கள் ஏற்கெனவே கேட்ட ஒரு பாட்டு என்று அறிவித்துவிட்டு, நிகழ்ச்சியின் தொடக்கத்தில் வாசித்த அதே தலைப்புப் பாடலை மறுபடி வாசித்தார். இதைக் கலகம் என்று இன்று சிரித்து ரசிக்க முடிகிறது. ஆனால் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி அங்கே உட்கார்ந்திருந்தவருடைய கோபத்திலும் நியாயம் உண்டு.

'ஆன் த பீச்' குறுந்தகடாக வெளிவந்தது 2003இல்தான். 'டைம் ஃபேட்ஸ் அவே'க்கு அந்த வடிவம் கிடைக்க 2017 ஆனது. தன் முதல் ஆல்பங்களையெல்லாம் குறுந்தகட்டில் வாங்கிய தலைமுறைக்கு இவை இரண்டும் பழைய இசைத்தட்டுக் கடைகளில் தேடிப் பிடிக்க வேண்டிய பொருள்களாக இருந்தன. தேடி அலைந்து அடைந்ததைக் குறை சொல்ல மனம் எளிதில் ஒப்பாது. 'ஆன் த பீச்'சுக்கு அந்தக் காத்திருப்பின் சலுகை தேவையே இல்லை. அதன் இரண்டாம் பக்கத்தில் இருக்கும் மூன்று நீண்ட, சோர்ந்த, மெதுவான பாடல்களைப் போல யங் அதற்கு முன்பும் பின்பும் எழுதியதில்லை. 'டைம் ஃபேட்ஸ் அவே'யைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. அதை யங்கே தன்னுடைய மிக மோசமான ஆல்பம் என்று சொல்லியிருக்கிறார். அவர் அப்படிச் சொன்னதால்தான் சிலருக்கு அதன்மேல் கூடுதல் பற்று.

1980களுக்கு வருவோம். 1982இல் யங், டேவிட் கெஃபனின் புதிய இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்: ஆல்பத்துக்குப் பத்து லட்சம் டாலர், இசையில் முழுச் சுதந்திரம். முதலில் அவர் கொண்டுபோன ஆல்பத்தை நிறுவனம் ஏற்கவில்லை. அதன் சில பாடல்களையும், சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியும் வோகோடரும் கொண்டு உருவாக்கிய வேறு சில பாடல்களையும் சேர்த்து 'டிரான்ஸ்' வெளியானது. மனிதக் குரலை வாங்கி இயந்திரக் குரலாக மாற்றித் தரும் கருவி வோகோடர். அந்தக் குரலின் நடுக்கத்துக்காகவே யங்கைக் கேட்டுவந்தவர்களுக்கு, அந்தக் குரலே இல்லாத யங் ஆல்பம் கிடைத்தது. சொற்கள் புரியவில்லை, பாடுவது யார் என்றே தெரியவில்லை என்று அவர்கள் கைவிட்டார்கள். காலத்தின் மோகத்துக்கு ஏற்ப வேடம் மாற்றிக்கொள்கிறார் என்பதே அன்று பரவலாக இருந்த எண்ணம்.

ரசிகர்களுக்குத் தெரியாதிருந்தது இதுதான். 1978 இறுதியில் பிறந்த யங்கின் மகன் பென், பெருமூளை வாதத்தால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவன். அவனால் பேச முடியாது. அவனுக்காகப் பெற்றோர் நாள் முழுவதும் வீட்டிலேயே செய்யவேண்டிய ஒரு கடினமான பயிற்சி முறையை யங்கும் அவருடைய மனைவி பெகியும் மேற்கொண்டிருந்தார்கள். பேச முடியாத மகனோடு பேசத் துடிக்கும் தகப்பனின் முயற்சிகளே 'டிரான்ஸ்' பாடல்கள் என்றும், கேட்பவருக்குச் சொற்கள் பிடிபடாமல் போவதும் அதன் பகுதிதான் என்றும் யங் பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படையாக விளக்கினார். ஆல்பத்தின் உறையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மகனின் நிலையை விளம்பரமாக்க விரும்பாததைப் புரிந்துகொள்ளலாம். அதேபோல, தரப்படாத விளக்கத்தை ஊகிக்காததற்காக 1983இன் ரசிகர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

அடுத்து நிறுவனம் தலையிட்டது. யங் தயாரித்த கிராமிய இசை ஆல்பத்தை மறுத்து, ராக் அண்ட் ரோல் வேண்டும் என்று கேட்டது. யங் அதைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றி, 1950களின் பாணியில், இளஞ்சிவப்பு உடையணிந்த குழுவோடு, இருபத்தைந்து நிமிடம் மட்டுமே ஓடும் 'எவ்ரிபடிஸ் ராக்கின்' ஆல்பத்தைக் கொடுத்தார். 1983 இறுதியில் நிறுவனம் அவர்மேல் முப்பத்து மூன்று லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. இந்த ஆல்பங்கள் வணிகத் தன்மையற்றவை, யங்கின் முந்தைய பதிவுகளின் இயல்புக்குப் பொருந்தாதவை என்பதே புகார். யங் பதிலுக்கு இருநூற்றுப் பத்து லட்சம் டாலருக்கு எதிர்வழக்குப் போட்டார். கடைசியில் இரண்டும் கைவிடப்பட்டு, கெஃபன் வருத்தம் தெரிவித்தார். நீல் யங் நீல் யங்கைப் போல் இல்லை என்று ஒருவர் வழக்காடலாமா என்று இந்தச் சம்பவம் பொதுவாக நகைச்சுவையாகவே நினைவுகூரப்படுகிறது. ஆனால் 1973இல் அமெரிக்க அரங்குகளில் முணுமுணுத்தவர்களும், பிரிட்டனில் பனைமரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்களும், 'டிரான்ஸை' வாங்கிய வாரமே பழைய கடையில் விற்றவர்களும் மனத்துக்குள் போட்டிருந்த வழக்கும் இதே சொற்களில்தான் இருந்தது. கெஃபனிடம் வழக்கறிஞர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான் வேறுபாடு. அந்த வழக்கின் வலுவற்ற இடமும் அங்கேதான் இருக்கிறது. முந்தைய பதிவுகளின் இயல்பு என்று காட்டுவதற்கு எதை எடுப்பது? 1972ஐயா, 1973ஐயா?

'டிரான்ஸ்' பிற்பாடு மீண்டெழுந்தது. பென் போன்ற பிள்ளைகளுக்காகப் பெகி யங் முன்னின்று தொடங்கிய பிரிட்ஜ் பள்ளிக்கு உதவ 1989இல் வெளிவந்த அஞ்சலித் தொகுப்பில், அடுத்த தலைமுறையின் மாற்று ராக் குழுக்கள் யங்கின் பாடல்களைப் பாடின; அதற்கு சோனிக் யூத் குழு தேர்ந்தெடுத்தது, பலரும் மறக்க விரும்பிய 'டிரான்ஸ்' பாடலொன்றை. 1993இல் எம்டிவியின் அக்கூஸ்டிக் நிகழ்ச்சிக்காக யங், மகனுக்கென எழுதிய 'டிரான்ஸ்ஃபார்மர் மேன்' பாடலை வோகோடர் இல்லாமல் சொந்தக் குரலில் பாடியபோது, பத்து ஆண்டுகளுக்கு முன் கைவிட்டவர்களும் அதை அழகான தாலாட்டாக ஏற்றுக்கொண்டார்கள். பாடல் அப்போதே நன்றாகத்தான் இருந்தது, இயந்திரம்தான் இடைஞ்சல் என்று அவர்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இயந்திரத்தின் வழியாகக் கேட்கும்போது சொல் வந்து வந்து நழுவுகிறது. பேச்சு எட்டாத ஒரு பிள்ளையின் முன் நிற்பவரின் நிலைக்கு அந்தப் பழைய பதிவே நெருக்கமானது. அதற்காகப் பின்னணி தெரிந்துவிட்டால் எல்லா ஆல்பமும் நல்ல ஆல்பமாகிவிடும் என்று பொருளில்லை. 'எவ்ரிபடிஸ் ராக்கின்' உருவான கதை எவ்வளவு சுவையானதோ, கேட்பதற்கு அந்த ஆல்பம் அவ்வளவு சலிப்பானது.

பாடல்களின் அரசியலும் இதேபோல் ரசிகர்களை இரு பக்கமும் அலைக்கழித்தது. 1970 மே 4 அன்று கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படை நான்கு மாணவர்களைச் சுட்டுக்கொன்ற சில வாரங்களுக்குள் 'ஒஹாயோ' பாடலைப் பதிவு செய்த யங்கை, இடதுசாரி இளைஞர்கள் தங்களவராகக் கருதினார்கள். 1984இல் அவர் வலதுசாரி அதிபர் ரீகனைப் பாராட்டிப் பேசியபோது அவர்களே திகைத்தார்கள். அமெரிக்கத் தென்மாநிலங்களின் நிறவெறியைச் சாடி அவர் எழுதிய இரண்டு பாடல்களுக்கு, தென்மாநிலத்தைச் சேர்ந்த ராக் குழுவான லினர்ட் ஸ்கினர்ட் 1974இல் பெயர் சொல்லியே பதில் பாடியது. இதைப் பகை என்று எண்ணுவோர் இன்றும் பலர். ஆனால் அக்குழுவின் பாடகர் ரானி வான் சான்ட், 1977இல் வெளிவந்த தங்கள் ஆல்பத்தின் அட்டைப்படத்தில் 'டுநைட்ஸ் த நைட்' பனியனைத்தான் அணிந்திருக்கிறார். 2012இல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பு நூலில் யங், அந்தப் பாடல்களில் ஒன்றின் வரிகள் குற்றம் சாட்டுபவையாகவும் மேட்டிமை தொனிப்பவையாகவும் இருந்தன, அந்தப் பதிலடிக்குத் தான் தகுதியானவனே என்று எழுதினார். 2006இல் ஈராக் போருக்கு எதிரான 'லிவிங் வித் வார்' பாடல்களைக் கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷுடன் மேடையேற்றியபோது, அட்லாண்டாவில் ஒரு பகுதிக் கூட்டம் கூச்சலிட்டுவிட்டு எழுந்துபோனதை, யங்கே இயக்கிய ஆவணப்படம் பதிவு செய்திருக்கிறது. 2022 தொடக்கத்தில், கோவிட் தடுப்பூசி பற்றித் தவறான தகவல்கள் பரப்பப்படுகின்றன என்று கண்டித்து ஸ்பாட்டிஃபையிலிருந்து தன் பாடல்களை விலக்கிக்கொண்டதும், 2024இல் திரும்பி வந்ததும் இந்த வரிசையில் சேர்பவை.

1989இன் 'ஃப்ரீடம்' ஆல்பத்தோடு யங் மீண்டார் என்பதில் மட்டும் பழைய ரசிகர்களும் புதியவர்களும் அபூர்வமாக ஒத்துப்போகிறார்கள். அதற்கு அடுத்த ஆண்டு கிரேஸி ஹார்ஸுடன் 'ராகெட் குளோரி' வந்தது. 1991 பயணத்தில் சோனிக் யூத் குழுவை முன்வாசிக்க அழைத்துச் சென்ற யங், பாடல்களின் இறுதியில், ஒலிபெருக்கியின் ஒலி கிட்டாருக்கே திரும்பிச் சென்று எழுப்பிய ஃபீட்பேக் இரைச்சல்களை மட்டும் வெட்டி ஒட்டி, 'ஆர்க்' என்ற பெயரில் முப்பத்தைந்து நிமிட இசைக்கோவையாக வெளியிட்டார். மெட்டு என்று எதுவுமில்லாத அதை வாங்கி ஒரே முறை கேட்டுவிட்டு மூடிவைத்தவர்களும், அதுவே கிரேஸி ஹார்ஸ் ஒலியின் சாரம் என்பவர்களும் உண்டு. அந்தச் சத்தத்தில் யங்கின் காதுகள் பாதிக்கப்பட்டு, ஓயாத இரைச்சல் உள்ளுக்குள் ஒலிக்கத் தொடங்கியது. 1992இல் அவர் 'ஹார்வெஸ்ட்' காலத்து வாத்தியக்காரர்களையும், ரான்ஸ்டாட்டையும் டெய்லரையும் மறுபடி கூட்டி 'ஹார்வெஸ்ட் மூன்' என்ற அமைதியான ஆல்பத்தைச் செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். இருபது ஆண்டு காத்திருந்தவர்கள், அவர் ஒருவழியாகத் தங்களிடம் திரும்பிவிட்டார் என்று மகிழ்ந்தார்கள். முன்பு முதுகு, இப்போது காது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் அவர் மீண்டும் கிரேஸி ஹார்ஸோடு இருந்தார்.

கடந்த சில ஆண்டுகளாக யங், வெளியிடாமல் வைத்திருந்த பழைய ஆல்பங்களின் அலமாரியைத் திறந்துவிட்டிருக்கிறார். 1976இல் ஒரே இரவில் தனியாகப் பாடிப் பதிவு செய்த 'ஹிட்ச்ஹைக்கர்' 2017இல் வெளியானது. அவற்றுள் இந்தச் சர்ச்சைக்கு மிகவும் பொருத்தமானது, 1974, 1975 ஆண்டுகளில் பதிவாகி 2020இல் வெளிவந்த 'ஹோம்குரோன்'. நடிகை கேரி ஸ்னாட்கிரெஸுடனான உறவு முறிந்த நேரத்தில் எழுதிய, மென்மையும் துயரமும் கலந்த, 'ஹார்வெஸ்டு'க்கு நேர்த்தொடர்ச்சியாக அமைந்திருக்கக்கூடிய ஆல்பம் அது. வெளியீட்டுக்கு ஆயத்தமான நிலையில் நண்பர்களுக்கு அதைப் போட்டுக் காட்டியபோது, அதே நாடாச் சுருளில் அடுத்ததாக இருந்த 'டுநைட்ஸ் த நைட்' பதிவும் ஓடியது. த பேண்ட் குழுவின் ரிக் டாங்கோ, இதைத்தான் நீ வெளியிட வேண்டும் என்று சொன்னதாகவும், யங் அதை ஏற்றதாகவும் வரலாறு. 2020இல் யங், 'ஹார்வெஸ்ட்' வந்து ஓரிரு ஆண்டுகளிலேயே இந்த ஆல்பம் உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும் என்று எழுதி, ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். தங்கள் பக்கத்து நியாயத்தை நாற்பத்தைந்து ஆண்டு கழித்து எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்டதாக மென்மையின் ரசிகர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது எனக்கு 'ஹோம்குரோன்' பிடித்துப்போகிறது. இருந்தும் அந்த அறையில் நான் இருந்திருந்தால் டாங்கோ சொன்னதையேதான் சொல்லியிருப்பேன்.